கொடிமரத்துக்கு அப்பால்!

பழனி மலைக்கோவிலில் அறிவிப்புப் பலகைகள் நிறுத்தப்பட வேண்டும். இந்துக்கள் அல்லாதார் கொடிமரத்துக்கு அப்பால் செல்லலாகாது என்று அவற்றில் எழுதப்பட வேண்டும். மாற்று மதத்தவர் எவரேனும் உள்ளே சென்று வணங்க விரும்பினால், அத்தெய்வத்தினிடம் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், கோவில் வழக்கங்களுக்குக் கட்டுப்படுவோம் என்றும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்! 2024 சனவரி 30-ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்வாறு கட்டளையிட்டது.

கேட்டவுடன் வைதீக உள்ளங்கள் குளிர்ந்தன. மரபு காப்பாற்றப்பட்டது என்று மகிழ்ந்தனர். மரபு! அந்த ஒரு சொல்லை உச்சரித்துவிட்டால் போதும், மேற்கொண்டு கேள்வி எழாது என்பது அவர்கள் எண்ணம். நாம் கேட்போம், தோழர்களே. எந்த மரபு? யார் வகுத்த மரபு? அதற்கு வயது என்ன? ஆகாயத்தைப் பார்த்து விடை தேட வேண்டியதில்லை. பழனியும், அதன் பின்னே எழுந்து கோடைக்கானல்வரை படர்ந்து கிடக்கும் மலைத் தொடரும் விடையைத் தம் மடியிலேயே வைத்திருக்கின்றன. ஏறிப் பார்ப்போம், வாருங்கள்.

ஏறுகின்ற வழியில் முதலில் தென்படுவது கோபுரமன்று, கல் வீடுகள். தாண்டிக்குடி முதலிய ஊர்களின் சரிவுகளில், பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி மேலே ஒரு மூடு கல்லைச் சாத்திய ஈமச் சின்னங்கள் இன்றும் உள்ளன. பாண்டவர் கட்டியவை என்று பாமரன் சொல்வான். குள்ளர் வாழ்ந்த குடில்கள் என்றும் கதை கட்டுவான். இரண்டும் இல்லை. இரும்பின் பயனறிந்த நம் முன்னோர் தம் இறந்தோருக்கு எடுத்த நினைவிடங்கள் அவை. அங்கே மூலத்தானம் இல்லை, கொடிமரம் இல்லை, உள்ளே யார் வெளியே யார் என்று தரம் பிரிக்கும் வாயிற்காவலன் இல்லை. இவற்றை ஊர் ஊராய்ச் சென்று அளந்து, அகழ்ந்து, எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஆங்கிலாத் என்ற செண்பகனூர்ப் பாதிரியார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அந்தச் செண்பகனூர் மடத்துக்குப் பின்னர் வருவோம்.

குன்றெல்லாம் குமரன் இடம் என்கிறார்கள். சரி. அந்தக் குமரனைச் சங்க காலத்தில் வழிபட்டவன் யார்? வேலன் என்னும் மலைமகன். வேலைக் கையில் ஏந்தி, வெறியாடி, குறி சொன்னவன் அவன். திருமுருகாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். ஆவினன்குடியையும் தன் பதிகளுள் ஒன்றாகப் பாடும் அந்நூல், பழமுதிர்சோலைப் பகுதியில் முருகனுக்குப் பூசை செய்கிறவளாக யாரைக் காட்டுகிறது? குறமகளை! மலைக்குடியில் பிறந்த ஒரு பெண், தினையும் மலரும் பரப்பி, ஆட்டுக் குருதி கலந்த அரிசியைப் பலியாக இட்டு, தானே முருகனை அழைக்கிறாள். நடுவே தரகர் எவருமில்லை. வடமொழி மந்திரமும் இல்லை. அந்த மருளையும் அந்தப் பலியையும் நாம் போற்றவில்லை. பகுத்தறிவாளன் வெறியாட்டுக்கு வக்காலத்து வாங்க மாட்டான். ஆனால் மரபு, மரபு என்று மார் தட்டுகிறவர்களிடம் இந்த ஒன்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு: பழமைதான் அளவுகோல் என்றால், பழனி மூலத்தானத்தின் திறவுகோல் இன்று ஒரு குறமகளின் இடுப்பில் அல்லவா தொங்க வேண்டும்?

அவள் எப்போது வெளியேற்றப்பட்டாள் என்பதற்கு ஆண்டுக் கணக்கு இல்லை. ஆனால் அவளுக்குப் பின் நடந்த இன்னொரு வெளியேற்றத்துக்குக் கணக்கு உண்டு. அதைச் சொல்வது நாத்திகன் அல்லன். பழனியின் வரலாற்றுச் செய்தியே சொல்கிறது.

மலைமேல் உள்ள சிலையைச் சமைத்தவர் போகர் என்னும் சித்தர் என்பார்கள். அவர் மாணவர் புலிப்பாணி. அந்த வழியில் வந்த பண்டாரங்களே தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்து வந்தனர். பண்டாரம் பார்ப்பனன் அல்லன். பால் ஊற்றினான், பூச்சூட்டினான், திருநீறு கொடுத்தான். ஆண்டவனுக்கு அதனால் காய்ச்சல் வந்ததாகத் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் இராமப்பய்யன் வந்தான். மதுரைத் திருமலை நாயக்கனின் தளவாய், படைத்தலைவன், பார்ப்பனன். பண்டாரத்தின் கையால் திருநீறு வாங்குவதா என்று அவன் சாதி முறைத்தது. வாங்காமலே போயிருந்தால் குறை அவனோடு போயிருக்கும். அவன் அப்படிப் போகவில்லை. வெளியூர்களிலிருந்து பார்ப்பனக் குருக்களை வரவழைத்து, பூசை உரிமையை அவர்கள் கையில் ஒப்படைத்தான். புலிப்பாணியார் மரபுக்கு வேறு சில மரியாதைகளும் வருவாயும் வகுத்துத் தந்து, ஒதுங்கி நிற்கச் செய்தான். இன்றும் மலைமேல் போகர் சமாதி உண்டு. அதைப் பேணுவோர் புலிப்பாணி வழியினரே. குருவின் சமாதியைத் தொடலாம், குரு செய்த சிலையைத் தொடலாகாது! இந்த விந்தைக்கு எந்த ஆகமத்தில் எத்தனையாவது படலம் ஆதாரம்? ஆகமம் அன்று, ஒரு படைத்தலைவனின் இடுப்பில் தொங்கிய வாள்.

திருமலை நாயக்கன் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. அதாவது, அனாதி காலந்தொட்டு வருவதாகச் சொல்லப்படும் அந்த உரிமைக்கு வயது நானூறு ஆண்டுகூட நிறையவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அதைவிட மூத்தவை!

அதே காலத்தில் செருமனியில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்ப்பது பயன் தரும். 1555-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆளும் கோமகன் எந்த மதமோ, குடிகளும் அந்த மதம். கோமகன் லூதர் பக்கம் சாய்ந்தால் சிற்றூரும் சாய வேண்டும். அவன் மகன் போப் பக்கம் திரும்பினால் ஊரும் திரும்ப வேண்டும். காலையில் உழச் சென்ற குடியானவன் மாலையில் திரும்பும்போது அவன் மதம் மாறியிருக்கும். பிடிக்காதவன் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறலாம், அவ்வளவே சலுகை. 1618-இல் மூண்ட போர் முப்பதாண்டுகள் எரிந்து, ஊர்களைச் சாம்பலாக்கி, 1648-இல்தான் அணைந்தது. பின்னர் 1803-இல் நெப்போலியன் காலத்து அரசியல் பேரம் ஒன்றில், அந்நாட்டுத் துறவி மடங்களின் நிலமும் பொருளும் சிற்றரசர்களுக்குப் பங்கு போடப்பட்டன. நூற்றாண்டுகளாக நின்ற மடங்கள் ஒரு கையெழுத்தில் மூடுண்டன. ஆண்டவன் ஆக்கினான், ஆண்டவன் அழித்தான் என்று அங்கே எந்த வரலாற்று ஆசிரியனும் எழுதுவதில்லை. எந்த அரசன், எந்த ஆண்டு, எந்தப் பத்திரம் என்று எழுதுகிறான். நம் நாட்டில் மட்டும் தளவாயின் உத்தரவு தெய்வத்தின் உத்தரவாகிவிடுகிறது!

இந்தக் கேட்டை இந்து மதத்தோடு நிறுத்திக்கொள்வது நடுநிலை ஆகாது. 1606-இல் மதுரைக்கு வந்தார் தத்துவ போதகர் என்று நாம் அறியும் ராபர்ட் டி நொபிலி, இத்தாலிய நாட்டு இயேசு சபைத் துறவி. அன்பின் மதத்தைப் பரப்ப வந்தவர், வந்த இடத்தில் முதலில் கற்றது எதை? சாதியை. காவி உடுத்தார், சந்தனம் பூசினார், முப்புரி நூல் அணிந்தார், தம்மை உயர்குலத்தோனாகக் காட்டிக்கொண்டார். பூணூலும் குடுமியும் கிறித்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு உரோமாபுரிவரை சென்றது. 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, ஆகும் என்றார். திருமலை நாயக்கன் பட்டமேறிய அதே ஆண்டு! மேற்சாதியாருக்குப் பார்ப்பனச் சந்நியாசிக் கோலத்தில் ஒரு பாதிரி, மற்றையோருக்குப் பண்டாரக் கோலத்தில் வேறொரு பாதிரி என்று மதுரை மிஷன் தன் துறவிகளையே இரண்டாக வகுத்தது. தமிழைக் கற்றார், தமிழில் எழுதினார் என்பதற்காக நொபிலியைப் புகழ்வோர் புகழட்டும். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் தாழ்த்தப்பட்டவன் வீட்டுப் பக்கம் போகாத சுவிசேஷம் யாருக்கு நற்செய்தி?

இனிக் கோடைக்கானலுக்கு ஏறுவோம். மதுரைச் சமவெளியில் வாந்திபேதியும் காய்ச்சலும் தம் குடும்பங்களைக் கொண்டுபோவதைக் கண்ட அமெரிக்க மிஷன் பாதிரிமார், 1845-இல் அங்கே இரண்டு வீடுகளை எழுப்பினர். கோடை நகரின் பிறப்பு அது. மலைப் பாதை போடப்படாத அந்நாளில் துரைமாரும் துரைசானிமாரும் நாற்காலிகளில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் தூக்கி மலையேற்றினர். சிலுவையைச் சுமந்தவரின் சீடர்கள் பிறர் தோளில் ஏறிச் சென்ற காட்சி அது! ஆயினும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்க மிஷன்தான் 1847-இல், சாதியை விட்டு ஒன்றாக உண்ண மறுத்த தன் உதவியாளர் பலரைப் பணியிலிருந்து நீக்கியது. ஆள் குறையுமே என்று அஞ்சவில்லை. அந்தத் துணிவுக்கு நம் வணக்கம்.

ஆனால் மலையின் சொந்த மக்கள்? பளியர் காட்டில் தேனும் கிழங்கும் தேடிக்கொண்டிருந்தனர். புலையர், மேல்மலை கீழ்மலை ஊர்களில் குன்னுவ வேளாளர் நிலங்களில் உழன்றனர். 1868-இல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய நெல்சன், அந்தப் புலையர் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளின் நிலையில் இருந்ததைக் குறிக்கிறார். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று அரசு 1843-இலேயே அறிவித்துவிட்டது! இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்தச் சட்டம் மலையேறவில்லை. சட்டத்துக்கு மூச்சு வாங்கியது போலும்; வழிபாட்டு இடங்களுக்கு வாங்கவில்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டே இருந்தன.

1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். பெயர் கல்லூரி, உண்மையில் துறவு மடம். கோடைக்குச் சற்றுக் கீழே, பனி தவழும் சரிவில், சபையில் சேரும் இளைஞர்களைத் துறவுக்கும் தத்துவக் கல்விக்கும் பக்குவப்படுத்தும் இடம். அங்கிருந்த துறவிகள் பூச்சிகளைத் தொகுத்தார்கள், செடிகளை ஆய்ந்தார்கள், பாம்புகளையும் பறவைகளையும் பாடம் செய்தார்கள், முன்னர்ச் சொன்ன ஈமக் கற்களின் மட்கலங்களைச் சேர்த்தார்கள், அருங்காட்சியகமே உருவாயிற்று. மலையின் எந்த மூலையில் எந்த ஆர்க்கிட் மலர் பூக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அறிவுப் பணி, பாராட்டுகிறோம். நம் மடாதிபதிகளில் எத்தனை பேர் தம் தோட்டத்துச் செடியின் பெயரையாவது அறிவார்கள்?

ஆனால் அந்த மடத்தின் முற்றத்தில் பட்டாம்பூச்சிக்கு இனம் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சபையின் மேற்பார்வையில், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் மனிதனுக்கு இனம் பிரித்துக்கொண்டிருந்தது ஒரு தேவாலயம். இரண்டு கால்கள் போல இரண்டு நீண்ட கூடங்கள். பீடத்தில் மட்டும் அவை கூடும். ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். நடுவே தடை. சேர்ந்து செபிக்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாகாது. 1872-இல் எழுந்த கட்டடம் அது. 1910-இல்தான் தடை இடிக்கப்பட்டது. இடித்ததும் மேற்சாதிக் கிறித்தவர்கள் என்ன செய்தார்கள்? சுவரைத் திருப்பிக் கொடு என்று வழக்கு மன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று தோற்றனர். அவர்கள் அங்கே வாதாடிய சொல் என்ன தெரியுமா, தோழர்களே? வழக்கம்! நீண்ட நாள் வழக்கம்! பழனிக் கொடிமரத்தடியில் கேட்கிற அதே குரல், வடக்கன்குளத்துப் பீடத்தடியிலும் கேட்டது. பெரியவர் ஞானஸ்நானம் பெறுகிறார். அவருடைய சாதி மட்டும் தண்ணீர் படாமல் கரையேறிவிடுகிறது.

செண்பகனூரில் மடம் எழுந்த காலத்தில் கோடை மலையில் வேறொரு கட்டடமும் எழுந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், மழை ஏன் பொய்க்கிறது, கதிரவனின் மாற்றங்களுக்கும் பருவக் காற்றுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் எனப் பஞ்ச ஆணையத்தார் கூறினர். அதன் விளைவே கோடைக்கானல் கதிரவ ஆய்வகம்; 1901-இலிருந்து அங்கே கதிரவனை ஆய்ந்து வருகின்றனர். 1909-இல் அங்கேதான் எவர்ஷெட், கதிரவக் கரும்புள்ளிகளில் வாயு கிடைநிலையில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலக அறிவியல் அதை அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தத் தொலைநோக்கிக்குமுன் நிற்பவனிடம் எவரும் உறுதிமொழி எழுதி வாங்குவதில்லை. நம்புகிறாயா என்று கேட்பதுமில்லை. பார் என்று சொல்கிறார்கள். கோடைக்குச் சுற்றுலா செல்லும் நம் இளைஞர்கள் படகுத்துறையில் செலவிடும் நேரத்தில் பாதியை அங்கே செலவிடலாகாதா?

கோடையின் குறிஞ்சி ஆண்டவர் கோவிலைச் சொல்லாவிட்டால் இந்த மலையின் கதை முற்றுப்பெறாது. பயணிகள் அங்கே நின்று கீழே பழனியைத் தேடிப் பார்க்கிறார்கள். அதைப் பழம்பெருங் கோவில் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோர் பலர். 1936-இல் கட்டியது! கட்டியவர் யார்? ஈழத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஐரோப்பிய இனத்து அம்மையார். வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்து, சைவத்தைத் தழுவி, முருகனுக்குக் கோவில் எடுத்தார். அந்தக் கோவில் இன்று பழனித் தேவத்தானத்தின் ஆட்சியில்தான் இருக்கிறது. கட்டியவர் வெளிநாட்டார், பிறவியால் வேறு மதத்தார், ஆனால் சீமாட்டி. செல்வமும் செல்வாக்கும் உடன் வந்ததால், அவர் எழுப்பிய கருவறையில் தெய்வம் மறுப்பின்றிக் குடியேறிற்று. குறமகளின் பேத்தி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா அந்த இடம்? அம்மையாரின் கணவர் இராமநாதனோ, டொனமூர் ஆணைக்குழு இலங்கையில் அனைவருக்கும் வாக்குரிமை என்றபோது, ஆகாது என்று எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர். ஆண்டவனுக்குக் கோவில் உண்டு, அடித்தட்டானுக்கு வாக்கு இல்லை!

இங்கே நம்மைப் பார்த்து ஒரு கிண்டல் எழும். கடவுளே இல்லை என்கிற உங்களுக்குக் கோவிலுக்குள் யார் போனால் என்ன, யார் மணியாட்டினால் என்ன? பழைய கிண்டல்தான். 1924-இல் பெரியார் வைக்கம் சென்றபோதே கேட்கப்பட்டது. நாம் ஆண்டவனைக் காண வரிசையில் நிற்கவில்லை. தீட்டு என்ற சொல்லுக்கு நாட்டில் கடைசியாக ஓர் இடம் மிச்சமிருக்கிறது. அந்த இடம் கருவறை. தெருவில் சட்டம் தீட்டை விரட்டியது, கிணற்றில் விரட்டியது, பள்ளியில் விரட்டியது. எல்லா இடத்திலிருந்தும் விரட்டப்பட்ட அது ஓடி ஒளிந்துகொண்ட வளைதான் கருவறை. உன் கை பட்டால் தெய்வம் கெடும் என்று ஒரு தமிழனிடம் சொல்வது அவன் பக்தியைப் பற்றிய பேச்சு அன்று. அவன் பிறப்பைப் பற்றிய பேச்சு. அதனால்தான் பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். 1970 டிசம்பரில் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றம், பரம்பரை ஒழியலாம், ஆனால் ஆகமப்படியே நியமனம் என்று சொல்லி, ஒரு கதவைத் திறந்து மறு கதவைச் சாத்தியது.

2006-இல் மீண்டும் ஆணை. 2007-இல் ஆறு இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அவற்றுள் ஒன்று எங்கே? பழனியில்! பண்டாரத்திடமிருந்து பறிக்கப்பட்ட பூசையை, அந்த மலையின் அடிவாரத்திலேயே பல சாதிப் பிள்ளைகள் முறையாகக் கற்றார்கள். ஆறு பள்ளிகளிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் தேர்ந்து வந்தனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்தனர். வழக்கு, தடை, மேல்முறையீடு! 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்பு. அதிலும் ஆகமமே நடுவர். 2021 ஆகஸ்டில்தான் அரசுப் பள்ளிகளில் பயின்ற 24 பேர் ஒருசேரப் பணி ஆணை பெற்றனர். அடுத்த ஆண்டே உயர்நீதிமன்றம், ஆகமக் கோவில்களுக்கு அந்த விதிகள் செல்லா என்றது. நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆற்றில் மட்டும் இறங்காதே என்கிற கதை!

நம் கேள்வி எளிது. இராமப்பய்யன் பண்டாரத்தை இறக்கியபோது ஆகமம் எங்கே போயிருந்தது? யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு தளவாயின் வாய்ச்சொல் ஒரு கோவிலின் பூசை உரிமையை மாற்றலாம். மக்கள் வாக்களித்து அமைத்த சட்டமன்றத்தின் சட்டம் மாற்றலாகாதா? அன்றைய மாற்றம் மரபு, இன்றைய மாற்றம் மட்டும் மரபு மீறலா?

கொடிமரத்தடிப் பலகைக்கும் இதே கேள்விதான். தினையோடு வந்த குறமகளிடம் எவரும் உறுதிமொழி கேட்கவில்லை. வேலனிடம் மதச் சான்றிதழ் இல்லை. இந்து என்ற சொல்லையே அவன் கேட்டதில்லை. அவர்கள் இன்று உயிரோடு வந்து நின்றால், தேவத்தான அலுவலர் காகிதத்தை நீட்டி, மதம் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வாரே, என்ன எழுதுவார்கள்?

அறநிலையத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பலகை வைக்கத்தான் வேண்டும் என்றால், அதன் பக்கத்தில் இன்னொரு பலகையும் வையுங்கள். மலையடிவாரத்தில், பாத விநாயகர் கோவிலருகே, ஏறுகிறவர் அனைவரும் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் வையுங்கள். திருமுருகாற்றுப்படையில் பூசை செய்தவள் யார், புலிப்பாணி வழியினர் எதுவரை பூசை செய்தனர், திருமலை நாயக்கன் காலத்தில் அது யாரால் யார் கைக்கு மாறியது என்பனவற்றைத் தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பழனிக்குச் செல்லும் நம் தோழர்கள், அந்தப் பலகை எப்போது வரும் என்று தேவத்தான அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டு வரட்டும்.